பிறப்புக் காட்சிக்கும் கிறிஸ்துமஸ் பாடல் நிகழ்ச்சிக்கும் முதல்முறை போகிறீர்களா?

அழைப்பு வந்துவிட்டது. கூட வேலை செய்பவரோ, பக்கத்து வீட்டுக்காரரோ, பிள்ளையோடு படிக்கிற குழந்தையின் அம்மாவோ, "சனிக்கிழமை சாயங்காலம் பிறப்புக் காட்சி இருக்கு, அப்புறம் கேரல் பாட்டு, குடும்பத்தோட கண்டிப்பா வாங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். நீங்களும் சரி என்று தலையாட்டியிருப்பீர்கள். அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு கேள்வியாக வரும். நாம் கிறிஸ்தவர்கள் இல்லையே, போகலாமா? ஜெபம் செய்யச் சொன்னால் என்ன செய்வது? காணிக்கைத் தட்டு வந்தால்? எப்போது எழுந்து நிற்பது, எப்போது கைதட்டுவது, குழந்தை நடுவில் அழுதால் எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவது?

தாராளமாகப் போகலாம். எல்லோரையும் அழைத்து நடத்தும் இந்த நிகழ்ச்சிகள் வெளியாட்கள் வரவேண்டும் என்ற ஆசையோடுதான் நடக்கின்றன. அங்கே நீங்கள் விருந்தாளி என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பாதி சந்தேகம் தானாகத் தீர்ந்துவிடும். மேய்ப்பனாக வருபவர் பகலில் வேறு வேலை பார்ப்பவர், வானதூதராக நிற்கும் சிறுமிக்கு மறுநாள் வீட்டுப்பாடம் இருக்கும், பாடுகிறவர்கள் வேலை முடிந்து களைப்போடு ஒத்திகைக்கு வந்தவர்கள். தங்களுக்கு உயிரான இயேசு பிறந்த கதையை இவர்கள் தாங்களே நடித்துப் பாடி, உங்களையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்கிறார்கள். அதைக் குறை கண்டுபிடிக்கும் கண்ணோடு பார்க்காமல், கூட இருந்து பார்க்கும் மனதோடு போனால் போதும்.

எந்த வகை என்று முதலில் கேளுங்கள்

பிறப்புக் காட்சி என்ற ஒரே பெயரில் வேறு வேறு மாதிரி நிகழ்ச்சிகள் நடக்கின்றன. எது என்று தெரியாமல் போனால் நேரமும் உடையும் செருப்பும் எல்லாமே தப்பாகிவிடும். அழைத்தவரிடமே கேட்டுவிடுங்கள்.

சில இடங்களில் ஒரு தொழுவம் போட்டிருப்பார்கள், மரியாள், யோசேப்பு, மேய்ப்பர்கள் வேடத்தில் ஆட்கள் அசையாமல் நிற்பார்கள், வருகிறவர்கள் நின்று பார்த்துவிட்டு நகர்வார்கள். இதற்குக் கொஞ்சம் தாமதமாகப் போனாலும் ஒன்றும் கெட்டுவிடாது. சில இடங்களில் மேடை நாடகம், பெரும்பாலும் பிள்ளைகள் நடிப்பது. இதற்குத் தாமதமாகப் போகவே கூடாது, ஏனென்றால் தூதர் மரியாளிடம் வந்து செய்தி சொல்லும் முதல் காட்சியிலேயே கதையின் முடிச்சு விழுந்துவிடும். இன்னொரு வகையில் நீங்களே நடக்க வேண்டும். கூட்டத்தைச் சின்னச் சின்னக் குழுவாகப் பிரித்து, ஒரு வழிகாட்டி முன்னே போக, நாசரேத்து வீடு, பெத்லகேமுக்குப் போகும் சாலை, சத்திரம், மேய்ப்பர்களின் வயல், கடைசியில் தொழுவம் என்று ஒவ்வொரு இடமாக நின்று நின்று போவீர்கள். காரை விட்டு இறங்காமலே பார்த்துக்கொண்டு போகிற ஏற்பாடும் உண்டு, நடக்க முடியாத பெரியவர்களுக்கு அது பெரிய வரம்.

என்னைக் கேட்டால், தேர்ந்தெடுக்க வாய்ப்பு இருந்தால் நடந்து பார்க்கும் வகைக்கே போங்கள். இருட்டில் நடந்து, ஒரு கதவைத் தட்டி, "இடமில்லை" என்ற பதிலை உங்கள் காதாலேயே கேட்டுத் திரும்பும்போது, அந்தக் கதை உட்கார்ந்து பார்த்ததைவிட வேறு மாதிரி இறங்கும். ஆனால் இதற்கு முன்பதிவும் நேர ஒதுக்கீடும் இருக்க வாய்ப்பு அதிகம், அதனால் அழைப்பிதழை ஒருமுறை முழுதாகப் படியுங்கள்.

தேதியையும் சரிபாருங்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட காலத்தைத் திருவருகைக் காலம் என்பார்கள், நவம்பர் கடைசியிலோ டிசம்பர் தொடக்கத்திலோ அது ஆரம்பமாகும். நிகழ்ச்சிகள் பெரும்பாலும் இந்த வாரங்களிலேயே வந்துவிடும், டிசம்பர் 24 வரை காத்திருந்தால் பலவற்றைத் தவறவிட்டிருப்பீர்கள். பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் சபைகளில் பிறப்பு விழாவே ஜனவரி 7 அன்றுதான், அழைத்தவர் அந்த மரபைச் சேர்ந்தவர் என்றால் நாள் குழம்ப வேண்டாம்.

கதையைத் தெரிந்துகொண்டு போங்கள்

போவதற்கு முன் செய்ய வேண்டியவற்றில் இதுதான் முக்கியம் என்பேன். பைபிளில் இயேசுவின் பிறப்பு இரண்டே இடங்களில்தான் கதையாக வருகிறது: லூக்கா நற்செய்தியின் முதல் இரண்டு அதிகாரங்கள், மத்தேயுவின் முதல் இரண்டு அதிகாரங்கள். நிதானமாகப் படித்தாலும் அரை மணி நேரம் ஆகாது, இணையத்தில் தமிழிலேயே கிடைக்கும்.

லூக்காவில் கபிரியேல் தூதர் மரியாளிடம் வருகிறார், ரோமப் பேரரசன் அகுஸ்து இராயனின் குடிமதிப்பு (மக்கள்தொகைக் கணக்கெடுப்பு) கட்டளைக்காக யோசேப்பும் மரியாளும் பெத்லகேமுக்குப் போகிறார்கள், தங்க இடமில்லாமல் குழந்தையை மாட்டின் தீவனத் தொட்டியில் கிடத்துகிறார்கள், இரவில் மந்தை காக்கும் மேய்ப்பர்களுக்குச் செய்தி போகிறது. மத்தேயுவில் மேய்ப்பர்களே இல்லை. அங்கே வருபவர்கள் நட்சத்திரத்தைப் பார்த்துக் கிழக்கிலிருந்து புறப்பட்ட ஞானிகள், அவர்களுக்குப் பின்னால் ஏரோது மன்னனின் பயமும் வன்மமும், அதற்குப் பயந்து குடும்பம் எகிப்துக்குத் தப்பி ஓடுவதும். நீங்கள் பார்க்கப்போகும் காட்சியில் இந்த இரண்டையும் ஒன்றாகத் தைத்திருப்பார்கள், மேய்ப்பர்கள் ஒரு பக்கமும் ஞானிகள் ஒரு பக்கமும் ஒரே தொழுவத்தில் மண்டியிடுவார்கள்.

படித்துவிட்டுப் போனால் இன்னொன்றும் கவனத்துக்கு வரும். மேடையில் மூன்று ஞானிகள் வருவார்கள், ஆனால் மத்தேயு எண்ணிக்கை சொல்லவே இல்லை, பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் என்று காணிக்கை மூன்று என்பதால் ஆளும் மூன்றாயிற்று. கஸ்பார், மெல்கியோர், பல்தசார் என்ற பெயர்களும் பிற்கால மரபில் வந்தவையே. மாடும் கழுதையும் இரண்டு நற்செய்திகளின் பிறப்புக் கதையிலும் இல்லை. எனக்கு மிகவும் பிடித்தது சத்திரக்காரர்தான். சத்திரத்தில் இடமில்லை என்று லூக்கா ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறார், சத்திரக்காரர் என்று ஓர் ஆளே அங்கே இல்லை. ஆனாலும் இந்த நாடகங்களில் அவருக்கு வசனம் உண்டு, சில சமயம் மனைவியும் உண்டு, கோபமும் இரக்கமும் உண்டு. ஒரு சமூகம் கதையில் தன் பங்காக என்ன சேர்க்கிறது என்று பார்க்க வேண்டுமானால் சத்திரக்காரரைக் கவனியுங்கள், கதவைச் சாத்தும் விதத்தில் நிறையத் தெரிந்துவிடும்.

இந்தக் காட்சிப் பழக்கத்தைப் பரப்பியவர் என்று பிரான்சிஸ் அசிசியார் என்ற துறவியைச் சொல்வார்கள். 1223 கிறிஸ்துமஸுக்கு இத்தாலியின் கிரேச்சோ என்ற சின்ன ஊரில், தொட்டியில் வைக்கோல் போட்டு, உயிருள்ள மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து நிறுத்தி, அதன் மேல் திருப்பலி (பூசை வழிபாடு) நடத்தச் செய்தார். குழந்தை எவ்வளவு இல்லாமையில் பிறந்தது என்பதை மக்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதே அவர் விருப்பம். அதனால்தான் இன்றும் நல்ல காட்சிகளில் அலங்காரம் குறைவாகவும் வைக்கோல் வாசனை நிறையவும் இருக்கும். பளபளப்பை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

கிளம்பும்போது

உடைக்குப் பெரிய விதி கிடையாது. சுத்தமாக, தோளும் முழங்காலும் மூடியபடி இருந்தால் எந்த ஆலயத்திலும் சங்கடம் வராது. காட்சி திறந்தவெளியில் என்றால், புல்லிலும் மண்ணிலும் நிற்கத் தோதான காலணி போடுங்கள், உங்கள் ஊர் இரவுக்கு வேண்டியதைவிட ஒரு துணி கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். நடக்கும்போது தெரியாத குளிர் ஒரே இடத்தில் நிற்கும்போது ஏறும். மெழுகுவர்த்தி உண்டு என்று தெரிந்தால், தொங்கும் துப்பட்டா, ஷால், விரித்த கூந்தல் எல்லாவற்றையும் கட்டி முடிந்துகொள்ளும் விதமாகப் போங்கள்.

அரை மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். வண்டி நிறுத்த இடம், கழிப்பறை, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியேறும் கதவு, இந்த மூன்றையும் கூட்டம் சேர்வதற்கு முன் பார்த்துவைத்தால் மாலை முழுக்க நிம்மதி. சக்கர நாற்காலிக்கு வழி வேண்டும், காது சரியாகக் கேட்காதவர் வருகிறார் என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள், சொன்னால் இடம் ஒதுக்கிவைப்பார்கள், அன்றைக்கு வாசலில் சொன்னால் அவர்களால் முடியாமல் போகலாம். சிறு குழந்தை இருந்தால் ஓர இருக்கை. முன்வரிசை காலியாகத் தெரிந்தாலும் நடிக்கும் பிள்ளைகளின் குடும்பத்துக்கு வைத்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டு உட்காருங்கள்.

காட்சியில் நிற்கும்போது

உயிருள்ள விலங்குகள் இருந்தால் பிள்ளைகளின் கண் அங்கேதான் போகும். ஆட்டையோ கழுதையையோ தொடுவதற்கு முன் கூட நிற்பவரிடம் கேட்கப் பழக்குங்கள். கழுதைக்குப் பின்னால் யாரும் நிற்க வேண்டாம். வீட்டிலிருந்து கொண்டுபோன எதையும் விலங்குக்கு ஊட்ட வேண்டாம். தொட்ட கையைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டுக் கழுவிய பிறகே வாயருகே கொண்டுபோக வேண்டும், கைசுத்தித் திரவம் மட்டும் போதாது. கர்ப்பிணிகள் ஈன்ற ஆடுகளையும் பிறந்த குட்டிகளையும் விட்டுத் தள்ளியே நிற்பது நல்லது. வைக்கோலும் விலங்கு முடியும் மூச்சுத்திணறல் தரும் என்றால் மருந்தைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேடத்தில் நிற்பவர்களிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள், அது உங்களுக்குத் தெரிந்த முகமாகவே இருந்தாலும். அவர்களே உங்களைப் பார்த்துப் பேசினால் அது நாடகத்தின் பகுதி. குடிமதிப்பு எழுதும் ரோமச் சேவகன் உங்கள் பெயரைக் கேட்டால் பெயரைச் சொல்லுங்கள், சத்திரத்தைத் தேடி எல்லோரும் போவோம் என்றால் கூடப் போங்கள். கூச்சப்பட்டு ஓரமாக நிற்பவர்களுக்குத்தான் இந்த மாலை நீளமாகத் தெரியும். சில இடங்களில் வந்திருக்கும் குழந்தைகளுக்கும் ஒரு அங்கியைப் போட்டு மேய்ப்பர் கூட்டத்தில் நிறுத்துவார்கள். உங்கள் குழந்தைக்கு ஆசையிருந்தால் விடுங்கள், ஆசையில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம்.

வசனம் மறந்து நிற்கும் பிள்ளை, நழுவி விழும் கிரீடம், சமயமில்லாமல் கத்தும் ஆடு, எல்லாம் நடக்கும். சத்தம்போட்டுச் சிரிக்காதீர்கள். அந்தப் பிள்ளைக்கு அது எத்தனை வருடம் ஞாபகம் இருக்கும் என்று யோசித்தாலே போதும்.

போட்டோ விஷயத்தில் நான் கண்டிப்பாகவே சொல்வேன். பிளாஷ் வேண்டவே வேண்டாம், விலங்கு மிரளும், இருட்டில் நிற்பவர் கண் கூசும். மற்றவர் பிள்ளைகளின் முகம் தெரியும் படத்தைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் எங்கும் பதிவேற்றக் கூடாது, வேடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. பல இடங்களில் முடிந்த பிறகு படம் எடுத்துக்கொள்ள நேரம் தருவார்கள், அதுவரை கைபேசி பைக்குள் இருக்கட்டும், உங்களுக்குப் பின்னால் இருப்பவருக்கும் மேடை தெரிய வேண்டும்.

பாடல் நிகழ்ச்சியில்

வாசலில் தரும் நிகழ்ச்சித் தாளை வாங்கியதும் புரட்டிப் பாருங்கள். பாடகர் குழு தனியாகப் பாடுபவை, சபையாக எல்லோரும் சேர்ந்து பாடுபவை என்று இரண்டு வகை இருக்கும். சேர்ந்து பாடும் பாட்டுகளுக்கு வரிகள் தாளிலோ திரையிலோ வரும், அப்போது எழுந்து நிற்பதும் வழக்கம். குரல் நன்றாக இல்லை என்று வாயை மூடிக்கொள்ள வேண்டாம், அங்கே யாரும் மதிப்பெண் போடுவதில்லை. வரிகளில் நம்பிக்கை இல்லாததால் பாட மனமில்லை என்றால், நின்று கேட்டாலே மரியாதைதான்.

பைபிள் வாசகமும் பாட்டும் மாறி மாறி வருவதைப் பார்த்தால், அது ஒன்பது வாசகங்களும் பாடல்களும் என்ற வழிபாட்டு முறையாகவோ அதன் சாயலாகவோ இருக்கலாம். 1880 கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலை இங்கிலாந்தின் ட்ரூரோவில் பிஷப் எட்வர்ட் பென்சன் இதை நடத்தினார், 1918ல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி எடுத்துக்கொண்டது, 1928 முதல் வானொலியில் ஒலிபரப்பானபின் உலகெங்கும் பரவிவிட்டது. ஆதாம் ஏவாள் கதையில் தொடங்கி, தீர்க்கதரிசிகள் வழியாகப் பெத்லகேமுக்கு வந்துசேரும். பிறப்பு நாளில் ஏன் ஏதேன் தோட்டத்தைப் படிக்கிறார்கள் என்று திகைக்க வேண்டாம், நீண்ட காத்திருப்பின் முடிவாகவே இந்தப் பிறப்பை அவர்கள் பார்க்கிறார்கள். இந்த முறையில் நடக்கும்போது ஒவ்வொரு பாட்டுக்கும் கைதட்ட மாட்டார்கள். கச்சேரியாக நடந்தால் தட்டுவார்கள். எது என்று புரியவில்லையா, பாடகர் குழுவை நடத்துபவர் கையைத் தாழ்த்திச் சபையின் பக்கம் திரும்பும் வரை பொறுங்கள், முதல் கைதட்டல் வேறு யாருடையதாகவாவது இருக்கட்டும்.

பெரிய பாடகர் குழு என்றால் ஹாண்டெல் என்ற இசையமைப்பாளரின் மெசியா என்ற இசைப்படைப்பிலிருந்து அல்லேலூயா கோரஸ் வரக்கூடும். 1742 ஏப்ரலில் டப்ளினில் முதன்முதலாகப் பாடப்பட்டது அந்தப் படைப்பு, கிறிஸ்துமஸ் காலத்தில் இல்லை, ஆனாலும் டிசம்பரில் எங்கும் ஒலிக்கும். அந்தக் கோரஸ் தொடங்கியதும் திடீரென்று எல்லோரும் எழுந்து நிற்பார்கள், நீங்களும் எழுந்துவிடுங்கள். இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜார்ஜ் உணர்ச்சிவசப்பட்டு எழுந்ததால் வந்த பழக்கம் என்று சொல்வார்கள், அந்தக் காலத்துச் சான்று எதுவும் அதற்கு இல்லை. பழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது.

கடைசியில் விளக்குகளை அணைத்துவிட்டு மெழுகுவர்த்தி ஏற்றுவது பல இடங்களில் உண்டு. அப்போது பெரும்பாலும் வருவது உலகம் முழுக்கத் தெரிந்த "அமைதியான இரவு" பாட்டு. ஜோசப் மோர் என்ற குருவானவர் எழுதி, ஃபிரான்ஸ் க்ருபர் மெட்டமைத்து, 1818 டிசம்பர் 24 அன்று ஆஸ்திரியாவின் ஓபர்ன்டார்ஃப் ஆலயத்தில் கிடார் துணையோடு இருவரும் பாடினார்கள். எளிமையான மெட்டு, இரண்டாம் அடியிலேயே உங்களுக்கும் வந்துவிடும். மெழுகுவர்த்திக்கு ஒரே விதி: எரிகிறதை நேராகப் பிடியுங்கள், எரியாததைச் சாய்த்து அதிலிருந்து பற்றவையுங்கள். எரிகிறதைச் சாய்த்தால் உருகிய மெழுகு பக்கத்தில் இருப்பவர் கையில் கொட்டும். சிறு பிள்ளைகளுக்கு மின்கல மெழுகுவர்த்தி இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள், இல்லையென்றால் உங்கள் கையில் நீங்கள் பிடித்து அவர்களைப் பார்க்கவிடுங்கள்.

ஜெபம், காணிக்கை

ஜெபம் வரும்போது தலையைக் கொஞ்சம் தாழ்த்தியோ தாழ்த்தாமலோ பேசாமல் இருங்கள், அவ்வளவுதான் எதிர்பார்ப்பு. ஆமென் சொல்லுவதும் மண்டியிடுவதும் உங்கள் விருப்பம். நிகழ்ச்சி திருப்பலியோடோ திருவிருந்தோடோ சேர்ந்து வந்தால், அப்பமும் திராட்சை ரசமும் வாங்க எல்லோரும் வரிசையில் போகும் நேரத்தில் நீங்கள் இருக்கையிலேயே இருந்துகொள்ளுங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள், அவர்களுக்குள்ளேயே சிலர் போகாமல் இருப்பார்கள்.

காணிக்கைத் தட்டு வந்தால், கொடுக்க மனமிருந்தால் போடுங்கள், இல்லையென்றால் அடுத்தவரிடம் நகர்த்துங்கள். பணம் யாருக்குப் போகிறது என்று பெரும்பாலும் மேடையிலேயே சொல்லிவிடுவார்கள். பணத்துக்குப் பதிலாகப் பொம்மையோ கெட்டுப்போகாத உணவுப் பொருளோ கொண்டுவரச் சொல்லும் இடங்களும் உண்டு, அது அழைப்பிதழில் இருக்கும். அப்படிக் கேட்டிருந்தால் உங்கள் வீட்டில் மிஞ்சிய பழசை எடுத்துப்போகாமல், உங்கள் பிள்ளைக்கே வாங்குவது போல ஒன்று வாங்கிப் போங்கள்.

முடிந்ததும்

உடனே வண்டியை எடுக்க ஓடாதீர்கள். முடிந்தபின் நின்று பேசும் அந்தக் கால் மணி நேரத்துக்காகத்தான் பலர் உங்களை அழைத்திருப்பார்கள். அழைத்தவரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள், அவர் வீட்டுப் பிள்ளை நடித்திருந்தால் பிள்ளையிடமே பேசுங்கள், "நல்லா இருந்தது" என்று பொதுவாகச் சொல்வதைவிட "நீ பாதி வழியில் நின்று திரும்பிப் பார்த்தாயே, அந்த இடம்" என்று ஒன்றைக் குறிப்பிட்டுச் சொன்னால் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். யாராவது ஆலயத்தின் மற்ற கூட்டங்களுக்கும் வாருங்கள் என்று கூப்பிடலாம். விருப்பமில்லை என்றால் "இன்றைக்கு அழைத்ததற்கு நன்றி, மற்றதைப் பிறகு பார்க்கலாம்" என்று இயல்பாகச் சொல்லலாம், அதில் சங்கடப்பட ஒன்றுமில்லை.

அடுத்த வருடம் நீங்களும் எதிலாவது சேர வேண்டும் என்று தோன்றினால், அன்றைக்கே பெயர் கொடுத்து வாருங்கள். பாடத் தெரிய வேண்டும் என்றில்லை, நடிக்கவும் வேண்டாம். நாற்காலி போட, அங்கி தைக்க, வைக்கோல் இறக்க, வாசலில் தாள் கொடுக்க, மழை வந்தால் கூட்டத்தை உள்ளே அனுப்ப என்று எப்போதும் ஆள் தேவை. பாடகர் குழுவில் சேர ஆசையென்றால் ஒத்திகை எப்போது தொடங்கும் என்று குறித்துக்கொள்ளுங்கள், டிசம்பரில் போய்க் கேட்டால் பாட்டெல்லாம் படிந்து முடிந்திருக்கும், செப்டம்பர், அக்டோபரிலேயே விசாரித்துவிடுவது நல்லது.